பணிமனையும் பள்ளியே

நுழையும்முன்

நாம் உண்ணும் காய்கனிகளும் உடுத்தும் துணிகளும் ஏதேனும் ஒரு லாரியில் ஏறித்தான் தில்லிக்கு வந்து சேர்கின்றன. அந்த லாரியை ஓட்டுபவரைச் சில வேளைகளில் நினைக்கிறோம். அது நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதற்காக அதன் அடியில் படுத்து உழைப்பவரை நினைப்பதில்லை. அவர் அத்தொழிலை எங்கே கற்றார்? யாருடைய துணையால் கற்றார்? அந்தக் கல்வியைப் பள்ளி எவ்வாறு மதிக்க வேண்டும்? இவ்வினாக்களுக்குத் தம் கருத்தை முன்வைக்கிறார் கட்டுரையாளர்.

மாணவர்களே!

‘முட்டுக்கட்டை போடாதே’ என்று நாம் ஒருவரைக் கடிந்துகொள்கிறோம். நல்ல செயலுக்குத் தடையாக நிற்பவரைக் குறிக்கவே அச்சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அச்சொல் பிறந்த இடம் தேரோடும் வீதி. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கும் தேரின் சக்கரத்தடியில் மரக்கட்டையைச் செருகி, அதன் வேகத்தை அடக்குபவரும் திசையைத் திருப்புபவரும் முட்டுக்கட்டை போடுவோரே. அவர்கள் இல்லையெனில் தேர் வீடுகளின்மீது மோதும்; வடம் பிடித்தவர்மீதே ஏறும். நிறுத்துவதற்கு ஆள் இருக்கிறார் என்ற துணிவினால்தான் தேரை இழுக்கவே முடிகிறது. திருவாரூர் ஆழித்தேருக்குப் பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சுகளும் சக்கரங்களும் நீரியல் முறையில் இயங்கும் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தது. எத்துணைப் பெரிய தேராயினும் அதன் பெருமை அது நிற்பதிலும் இருக்கிறது என்பதை அவ்வூரார் அறிவர்.

தேருக்குப் பொருந்துவது லாரிக்கும் பொருந்தும். தில்லியின் வடபகுதியில், கர்னால் சாலையை ஒட்டிச் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் என்னும் பெரும் லாரி நிலையம் உள்ளது. நாட்டின் பல மாநிலப் பதிவெண்களைத் தாங்கிய லாரிகள் அங்கே வரிசையாக நிற்கும். சரக்கு இறக்கும் இடங்கள், உதிரிபாகக் கடைகள், டயர்க் கடைகள், உணவு விடுதிகள் ஆகியவற்றுக்கு நடுவே சிறு சிறு பணிமனைகள் செயல்படுகின்றன. அவற்றுள் பலவற்றுக்குப் பெயர்ப்பலகையும் இல்லை, கூரையும் இல்லை. லாரியின் நிழலே கூரை; விரித்த சாக்கே இருக்கை. ஆயினும் அங்கே நாள்தோறும் ஒரு கல்வி நடைபெறுகிறது.

தில்லியைக் கடந்து செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வடக்கே ஸ்ரீநகரையும் தெற்கே கன்னியாகுமரியையும் இணைக்கிறது. நம் பெற்றோரின் ஊர்களாகிய தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், மதுரை ஆகியவை இச்சாலையின் வழியில் அமைந்தவை. தருமபுரியிலிருந்து சேலத்திற்குச் செல்லும்போது தொப்பூர்க் கணவாயில் சாலை சரிந்து இறங்குகிறது. பாரம் ஏற்றிய லாரிகள் அச்சரிவில் கட்டுப்பாட்டை இழந்து, முன்னே செல்லும் வண்டிகளின்மீது மோதிய விபத்துகள் பல. 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் தில்லியில் ஒருவர் பொருத்திய பிரேக் தொப்பூர்ச் சரிவில்தான் தேர்வு எழுதுகிறது. அத்தேர்வில் தோற்பவர் பிரேக்கைப் பொருத்தியவர் அல்லர். சாலையில் எதிரே வரும் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தினர்.

எனவே, இத்தொழிலைக் கற்பது விளையாட்டன்று. அதில் என்ன கற்க வேண்டியுள்ளது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

பெரிய லாரிகளில் காற்றின் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் உள்ளது. எஞ்சினோடு இணைந்த கம்ப்ரசர் காற்றை அழுத்திக் கலன்களில் நிரப்புகிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தியதும் அக்காற்று சக்கரத்தின் அருகிலுள்ள அறைக்குள் பாய்ந்து ஒரு தண்டைத் தள்ளுகிறது. அத்தண்டு ஒரு நெம்புகோலைத் திருப்ப, சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் பிரேக் ஷூக்கள் விரிந்து அழுந்துகின்றன. ஷூக்களின்மீது பொருத்தப்பட்ட லைனிங் உராய்வதால் சக்கரம் நிற்கிறது. நின்றுவிடும் வேகம் மறைந்துபோவதில்லை. அது வெப்பமாக மாறுகிறது. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் லாரியைவிட, அதே பாரத்துடன் 80 கிலோமீட்டரில் செல்லும் லாரியை நிறுத்தும்போது நான்கு மடங்கு வெப்பம் உண்டாகும். நெடுஞ்சரிவில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் டிரம்மும் லைனிங்கும் அளவுக்கு மீறிச் சூடாகி, பிடிப்புத் தளர்ந்துவிடும். தாழ்ந்த கியரில் இறங்குக என்று மலைச்சாலைகளில் எழுதி வைத்திருப்பது இக்காரணத்தால்தான்.

காற்றுப் பிரேக்கை முதலில் தொடர்வண்டிகளுக்காக 1869இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் உருவாக்கினார். காற்று கசிந்தால் வண்டி நிற்காமல் ஓடிவிடுமே என்ற அச்சம் எழுந்தது. ஆகவே 1872இல், காற்று குறைந்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும் முறையை அவர் வகுத்தார். இன்றைய லாரியிலும் அக்கருத்து வாழ்கிறது. வலிய சுருள்வில் ஒன்றைக் காற்று அழுத்திப் பிடித்திருக்கும்; காற்று இல்லாவிடில் வில் விரிந்து பின்சக்கரங்களை நிறுத்திவிடும். பழுது நேர்ந்தால் ஆபத்தின் பக்கம் சாயாமல் காப்பின் பக்கம் சாய வேண்டும் என்பதே அப்பொறியின் அறம்.

ஓட்டுநர்கள் ‘ஷாக்’ என்று சுருக்கி அழைக்கும் அதிர்வுதாங்கி, இன்னொரு வகையான அடக்கி. இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில்லைத் தில்லிப் பணிமனைகளில் ‘கமானி’ என்பர். பள்ளத்தில் இறங்கியதும் அவ்வில் அமுங்கி, மீண்டும் மீண்டும் துள்ளும். அதிர்வுதாங்கிக்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிச் செல்லும்போது அத்துள்ளல் அடங்குகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் சக்கரம் சாலையை விட்டு எழும்பி எழும்பி விழும். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். லாரியை நிறுத்துவது சாலையைப் பற்றிக்கொண்டிருக்கும் டயர். டயர் தரையில் இல்லாத கணத்தில் புதிய பிரேக்கும் பயன்படாது. ஆதலால் தேர்ந்தவர்கள் பிரேக்கைப் பார்க்கும்போதே அதிர்வுதாங்கியையும் பார்த்துவிடுவார்கள். இரண்டையும் ஓர் அச்சின் இருபுறமும் இணையாகவே மாற்றுவார்கள். ஒருபுறம் புதியதும் மறுபுறம் பழையதுமாக இருந்தால் லாரி ஒரு பக்கமாக இழுக்கும்.

இவையெல்லாம் நூலில் உள்ளவை. நூலைப் படித்துவிட்டுத் தனியே இவ்வேலையைச் செய்துவிட முடியுமா? முடியாது என்பதே என் கருத்து. அதற்குக் காரணம் அறிவுக்குறை அன்று. வேலையின் இயல்பே அப்படி. சமதளமான தரையில் லாரியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, அச்சின் அடியில் உறுதியான தாங்கிகளை வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பளுவான டிரம்மை இறக்க இன்னொரு கை வேண்டும். ஷூக்களை மாற்றி முடித்த பின் ஒருவர் மேலே ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து மிதியை அழுத்த வேண்டும். மற்றொருவர் கீழே இருந்து தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். கீழே இருப்பவர் “தபாவோ” என்றால் மேலே இருப்பவர் அழுத்துவார். “சோடோ” என்றால் விடுவார். கீழே இருப்பவரின் கண்ணாக மேலே இருப்பவர் இருக்க முடியாது. மேலே இருப்பவரின் காலாகக் கீழே இருப்பவர் இருக்க முடியாது. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பித்தான் ஆக வேண்டும். வண்டிக்கு அடியில் இருப்பவர் தம் உயிரையே அந்நம்பிக்கையில் வைத்திருக்கிறார்.

இத்தகைய இடத்தில் நண்பனின் உதவி என்பது என்ன? புதிதாகக் கற்பவனுக்குப் பதிலாகத் தானே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுவது எளிது, விரைவும்கூட. அவ்வாறு செய்தால் லாரி புறப்பட்டுவிடும். கற்க வந்தவன் கற்காமலே நின்றுவிடுவான். நல்ல நண்பன் ஸ்பேனரைக் கற்பவனின் கையில் கொடுத்துவிட்டுத் தன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். போல்ட்டை அவனே இறுக்கட்டும் என்று பொறுத்திருக்கிறான். தாங்கி வைக்காமல் அடியில் நுழைய முற்பட்டால் மட்டும் தோளைப் பிடித்து இழுக்கிறான். அந்த நேரத்தில் அவன் முட்டுக்கட்டை போடுகிறான். தேருக்கு முட்டுக்கட்டை போடுபவரைப்போலவே அவனும் செல்வதற்காக நிறுத்துகிறான். தடுக்கவேண்டிய இடத்தையும் தடுக்கக்கூடாத இடத்தையும் அறிந்திருப்பதே ஆசிரியத்தின் சாரம் என்றால், அவனும் ஆசிரியனே.

டிரான்ஸ்போர்ட் நகரின் பெயரைச் செய்தித்தாள்களில் பலமுறை இடம்பெறச் செய்தவர் சாந்தி தேவி. குவாலியரிலிருந்து தில்லிக்குக் குடிபெயர்ந்த அவர், அங்கே தேநீர்க் கடை நடத்தியவர். பின்னர்த் தொழில் தெரிந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டு, கணவரோடு சேர்ந்து லாரிச் சக்கரங்களைக் கழற்றிப் பழுதுபார்க்கும் பணியில் இறங்கினார். இந்தியாவின் முதல் பெண் லாரி மெக்கானிக் என்று இதழ்கள் அவரைப் பாராட்டின. சக்கரத்தைக் கழற்றுவதுதான் பிரேக் வேலைக்கும் முதற்படி. ‘இது பெண்களால் ஆகாது’ என்ற சொல்லுக்கு அவர் மேடையேறி விடை கூறவில்லை. கழற்றிய சக்கரங்களே விடை கூறின. அவருக்கு அத்தொழிலைக் கற்பித்தது கட்டடமும் கரும்பலகையும் உடைய பள்ளி அன்று. தெரிந்ததைச் சொல்லித்தர மனம் கொண்ட மனிதரே.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய கல்விக்குச் சான்று உண்டு. 1893இல் கோவைப் பகுதியில் பிறந்த ஜி. டி. நாயுடு, பள்ளிப் படிப்பைத் தொடராதவர். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் பூட்டிப் பூட்டியே இயந்திர நுட்பத்தைக் கற்றார். தொழிலதிபர் ஸ்டேன்ஸ் அவருக்குக் கைகொடுக்க, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். பிரித்துப் பார்க்கத் துணிந்த கையும், துணை நின்ற இன்னொரு கையும் சேர்ந்ததால் விளைந்த பயன் அது.

இவ்வாறு சொல்லும்போது எதிர்வாதம் ஒன்று எழும். ‘கேட்டும் பார்த்தும் கற்பவர் தவறுகளையும் சேர்த்தே கற்பார் அல்லவா?’ இவ்வினா நியாயமானது. டிரம்மைத் திறந்ததும் உள்ளிருக்கும் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளும் பழக்கம் பல பணிமனைகளில் உண்டு. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம். கல்நார்த் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும் என்பதை உஸ்தாத் சொல்லித்தராவிட்டால் சீடனுக்கு எப்படித் தெரியும்? சுருள்வில் அடங்கிய அறையை ஒருபோதும் பிரிக்கக்கூடாது என்பதை அறியாமல் பிரிப்பவர் உயிரிழக்கக்கூடும். ‘கண் அளவே போதும்’ என்று அளவுகோலை ஒதுக்குவதும் ஒரு தீய வழக்கமே. நட்பு அறிவைத் தருகிறது. சில வேளைகளில் அறியாமையையும் அன்போடு தருகிறது.

ஆகவே நூலும் அளவுகோலும் பணிமனைக்குச் செல்ல வேண்டும். இதற்கும் நம்மவரிடமே முன்மாதிரி உண்டு. சென்னைப் பாடியில் 1962இல் தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் லாரிகளுக்கான காற்றுப் பிரேக்குகளைச் செய்தது. அதன் பிரேக் பிரிவு, தரத்திற்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998இல் பெற்றது. ஒவ்வொரு பகுதியையும் அளந்து, குறித்து, தவறு நேர்ந்தால் காரணம் தேடும் ஒழுங்குக்குக் கிடைத்த பரிசு அது. தொழிற்சாலையில் அத்துணைக் கவனத்தோடு செய்யப்பட்ட பொருளை நெடுஞ்சாலை ஓரத்தில் அளவு பாராமல் பொருத்தினால் அக்கவனம் முழுவதும் வீணாகும். அந்த ஒழுங்கைச் சாக்கு விரித்த பணிமனைக்கும் கொண்டுசெல்வது படித்தவர்களின் கடமை.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் முக்கியமானது. தில்லியில் பல கடைகளிலும் பணிமனைகளிலும் ‘சோட்டூ’ என்று அழைக்கப்படும் சிறுவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கென்று தாய் தந்தையர் இட்ட பெயர் இருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. ‘வேலை கற்கிறான்’ என்று சொல்லியே அவர்களுடைய பள்ளிப் பருவத்தை எடுத்துக்கொள்கிறார்கள். நான் புகழும் கல்வி அதுவன்று. 14 வயது நிறையாத சிறாரைப் பணிமனையில் வேலைக்கு அமர்த்துவதைச் சட்டம் தடை செய்கிறது. நண்பனிடம் கற்பவன், ‘ஏன்?’ என்று கேட்கலாம். ‘முடியாது’ என்று சொல்லலாம். மாலையில் வீடு திரும்பலாம். இவ்வுரிமைகள் இல்லாத இடத்தில் நடப்பது சுரண்டல்; அதற்குக் கல்வி என்று பெயரிடலாகாது.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்புவரை பயிலும் மாணவர்கள் 10 நாள்கள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் போன்ற உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் பழக வேண்டும் என்கிறது. தில்லிப் பள்ளிகள் அந்தப் பட்டியலில் லாரி மெக்கானிக்கையும் சேர்க்க வேண்டும். ஜாக்கியைத் தொடவோ வண்டிக்கடியில் நுழையவோ வேண்டியதில்லை. மேசைமேல் வைத்த ஒரு பழைய பிரேக் ஷூவையும், தேய்ந்த லைனிங்கையும், எண்ணெய் கசிந்த அதிர்வுதாங்கியையும் கையில் எடுத்துப் பார்த்தாலே போதும். உராய்வு, அழுத்தம், ஆற்றல் மாற்றம் ஆகிய மூன்று பாடங்கள் அங்கே ஒரே மேசையில் கிடக்கும். அவற்றை விளக்க வருபவரை வகுப்பில் ‘ஐயா’ என்றோ ‘அம்மா’ என்றோ அழைத்து, ஆசிரியருக்குரிய நாற்காலியில் அமர்த்த வேண்டும்.

அவர்களுக்குச் செய்யவேண்டிய மற்றொரு கடமையும் உண்டு. நட்பின் துணையால் தொழில் கற்றவர்களிடம் திறமை இருக்கிறது, சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் பெரிய நிறுவனங்களின் வாயில் அவர்களுக்கு எளிதில் திறப்பதில்லை. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டத்தில், முன்பே பெற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் வழி உள்ளது. அவ்வழியைப் பற்றி ஒருவருக்கு எடுத்துச் சொல்வதும், விண்ணப்பத்தைப் படித்துக் காட்டுவதும், நிரப்ப உதவுவதும் உங்களால் இயலும். அவர் உங்களுக்கு லைனிங்கின் தேய்மானத்தைக் காட்டட்டும்; நீங்கள் அவருக்கு எழுத்தைக் காட்டுங்கள். ஒருவர் மேலே அமர்ந்து மிதியை அழுத்த, மற்றொருவர் கீழே இருந்து அளப்பதைப் போன்ற வேலைதான் இதுவும்.

தில்லிக்கு வந்த நம் தாத்தா பாட்டியரும் பெற்றோரும் இந்நகரத்தை இவ்வாறே கற்றனர். எந்தப் பேருந்து எங்கே செல்லும், எந்தச் சொல்லைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை முன்னரே வந்திருந்த ஒருவர் அருகிலிருந்து சொல்லிக்கொடுத்தார். அவர் நம் உறவினராக இருந்திருக்கலாம். வேற்று மொழி பேசிய அண்டை வீட்டாராகவும் இருந்திருக்கலாம். அவருக்கு யாரும் ஆசிரியர் என்று பெயர் சூட்டவில்லை.

தில்லியில் பகலில் லாரிகள் நுழையக் கட்டுப்பாடு உண்டு. ஆதலால் நீங்கள் உறங்கச் செல்லும் நேரத்தில்தான் அவை நகருக்குள் வருகின்றன. இன்றிரவு சாலையில் ஒரு லாரி நிற்கும்போது, காற்று ‘புஸ்’ என்று வெளியேறும் ஓசையைக் கேளுங்கள். ஓட்டுநர் பிரேக்கை விடுவிக்கும் ஓசை அது. அது கேட்கும்போதெல்லாம், எங்கோ ஒரு பணிமனையில் இருவர் கூடி அந்த வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. ‘முட்டுக்கட்டை’ என்னும் சொல்லைக் கட்டுரையாளர் எப்பொருளில் எடுத்தாள்கிறார்? நாம் பேச்சில் வழங்கும் பொருளோடு ஒப்பிட்டு எழுதுக.
2. பிரேக் மாற்றும் வேலையைத் தனியொருவர் செய்ய இயலாது என்பதற்குக் கட்டுரை கூறும் காரணங்கள் யாவை?
3. ‘நட்பு சில வேளைகளில் அறியாமையையும் அன்போடு தருகிறது’ என்னும் கருத்தை உம் வாழ்வில் கண்ட ஒரு நிகழ்ச்சியால் விளக்குக.
4. உம் வீட்டருகில் கைத்தொழில் செய்யும் ஒருவரிடம், அத்தொழிலை அவர் யாரிடம் கற்றார் என்று கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதி வருக.